குடும்பப் பெயர்: வல்லியன்

“ஃபிராவ் வல்லியன், இப்படி உட்காருங்கள்” என்று குடியுரிமை ஆணையத் தலைவர் ஆம்ஸ்டுட்ஸ் எழுந்து கதிரையை இழுத்துவிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன். ஃபிராவ் என்றால் திருமதி. இந்தச் சுவிஸ் நாட்டில் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று இருந்தாக வேண்டும், எங்களுக்கோ அப்படியொரு வழக்கம் இல்லை, ஆகவே அகதியாக வந்து இறங்குகிற அன்றே அப்பன் பெயரைப் பிடுங்கிப் பின்னால் ஒட்டி, இதுதான் உன் பரம்பரை என்று அட்டையில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். தவமலர் வல்லியன், வயது நாற்பத்தாறு, கணவர் கடைசிச் சண்டையில் செத்துப்போனார், ஒரு மகள், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, பதினைந்து வருடமாக இந்தக் கிராமத்தில் வாசம். வல்லியன். என் அப்பா வாசல் படலையில் நின்று “டேய் வல்லியா, பின்பக்கத்தால வாடா” என்று கூப்பிட்ட பெயர். அந்தப் பெயருக்கு இப்போது மரம் அறுக்கும் ஆலை வைத்திருக்கிற ஆறடி மனிதர் எழுந்து நின்று கதிரை இழுக்கிறார். எங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு வல்லியன் கதிரை காவியிருக்கிறானே தவிர, ஒன்றிலாவது இருந்தது கிடையாது. அவன் மகள் இருக்கிறாள். முதுகைச் சாய்க்காமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சலவைக்கூடத்தில் வெந்து சிவந்த விரல்களை அதன் மேல் அடுக்கிக்கொண்டு இருக்கிறாள். மனுவில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு, எல்லாரும் அதில் மலை அழகு, சனநாயகம், சுத்தம் என்று அள்ளி விடுவார்கள். இவள் ஒரே வரி எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு எண்பத்துமூன்று வயது, போய்ப் பார்க்க வேண்டும். அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தில் உலகம் முழுக்கப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. சிவப்புக் கடவுச்சீட்டு கையில் வந்தால் அடுத்த கிழமையே வவுனியாவில் போய் நிற்கலாம். எனக்குத் தெரியும், நானும் அதற்காகத்தான் எடுத்தேன், எழுதும்போது மலை அழகு என்று எழுதினேன்.

நாங்கள் மூன்று பேர். ஆம்ஸ்டுட்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியை ஃபிராவ் லூத்தி, நான். மேசையின் ஓரத்தில் கெர்பர் என்கிற எழுத்தர், அவருக்கு வாக்கு இல்லை, பேனா மட்டும்தான். இந்தக் கிராமத்தில் குடியுரிமை கேட்பவர் முதலில் எங்கள் மூவரையும் தாண்ட வேண்டும், அதற்கு மேலேதான் மாநிலம், நாடு எல்லாம். நான் இந்த நாற்காலிக்கு வந்து ஐந்து வருடமாகிறது, வெளிநாட்டில் பிறந்து இதில் இருக்கிற முதலாவது ஆள். பத்திரிகையில் படம் போட்டார்கள், முதியோர் இல்லத்துச் சமையல் பொறுப்பாளர் குலேந்திரன் என்று. இவர்கள் வாயில் அது குலேன் ஆகிவிட்டது. எண்பத்தைந்தில் வந்து இறங்கியபோது கோப்பை கழுவினேன், பிறகு கிழங்கு உரித்தேன், பிறகு மாட்டிறைச்சி வெட்டினேன், இருபது வருடம் முன்பு இதே அறையில், இதே மேசைக்கு எதிர்ப்பக்கத்தில், பசுவின் கழுத்து மணி எந்த மாதம் கட்டி எந்த மாதம் அவிழ்ப்பது என்று கேட்டார்கள், சொன்னேன். படித்து வைத்திருந்தேன். எவ்வளவு கூனிக் குறுகி இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து இருந்தபோதுதான் தெரிந்தது, இந்த அறையில் கேள்வி கேட்கிறவனின் கதிரைக்கு மட்டும்தான் மெத்தை தைத்திருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் பதினொரு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், அதில் ஒன்பது என் வாயால். கொசோவோக்காரன் சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினான், எரித்திரியாக்காரி பழைய பேப்பரைக் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டாமல் வெளியில் வைத்தாள். சின்ன விஷயம் என்பார் லூத்தி. சின்ன விஷயத்தில்தானம்மா நாடு இருக்கிறது என்பேன். எங்கள் நாடு மாறிப்போகிறது என்று நான்தான் இந்த மேசையில் அதிகம் சொல்வது, ஆம்ஸ்டுட்ஸ்கூட அவ்வளவு சொல்வதில்லை. யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கி ஏறினவன்தான் அடுத்த தரிப்பில் ‘உள்ளுக்க இடமில்லை, அடிச்சு விடண்ணை’ என்று முதலில் கத்துவான். தெரியும். தெரிந்துதான் கத்துகிறேன். மிதிபலகை எனக்குத்தானே வழுக்கும், உள்ளே ஆசனத்தில் இருந்துகொண்டு வருகிறவனுக்கு என்ன.

ஆம்ஸ்டுட்ஸ் கேட்கிறார், மாநிலத்தில் எத்தனை ஆறு, கிராமசபை எத்தனை பேர், கண்ணாடிப் போத்தலை எந்த நேரத்துக்குப் பிறகு தொட்டியில் போடக்கூடாது. சொல்கிறாள். இலக்கண டொச் பேசுகிறாள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஜெர்மன், கிராமத்து வழக்கு அவள் நாக்குக்கு ஏறவில்லை, ஆனால் பிழை விடவில்லை. பிழை விடு, விடேன் ஒன்று, பெரிதாக வேண்டாம், ஒரு ஆற்றின் பெயர். விடுகிறாளில்லை. அவள் ஒருதரம்கூட என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டில் பார்த்த பார்வையோடு சரி. இரண்டு கிழமைக்கு முன்பு நானும் லூத்தியும் வீடு பார்க்கப் போனோம், அதுவும் எங்கள் நடைமுறை, மனுதாரர் எப்படி இருக்கிறார், சாமி அறையில் புகை எழுப்பி அயலவரை இருமவைக்கிறாரா என்று பார்ப்பது. கோப்பில் பெயரைப் பார்த்தபோதே இரண்டுதரம் வாசித்தேன், ஆனால் வல்லியன் என்று ஊருக்கு ஊர் ஆள் இருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கதவைத் திறந்தாள். அதே நெற்றி, அதே பல். லூத்தி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள், “நீங்கள் ஊரில எவடம்?” தமிழன் தமிழனைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, இடத்தைச் சொன்னால் வீதியைக் கேட்பான், வீதியைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்பான், மூன்றாவது கேள்வியில் ஆளின் சாதியைக் கையில் எடுத்துவிடுவான். நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். “நான் கொழும்பு” என்றேன். “ஓ” என்றாள். அந்த ‘ஓ’ எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போய் மூன்று தேத்தண்ணியும் ஒரு தட்டில் உழுந்து வடையும் கொண்டுவந்து வைத்தாள். லூத்தி இரண்டு கோப்பை குடித்தார், நாலு வடை தின்றார், எண்ணெய் விரலைச் சப்பினார். என் கோப்பை என் முன்னால் இருந்தது. கை போகவில்லை. நான் ஒன்றும் முடிவு எடுக்கவில்லை, சத்தியமாக, வேண்டாம் என்று நினைக்கக்கூட இல்லை, முப்பத்தெட்டு வருடமாக உலகத்து எச்சிலெல்லாம் வழித்துக் கொட்டின கை, கிழவர்களின் வாயைத் துடைத்துவிட்ட கை, அது முழங்காலில் கிடந்தது கிடந்தபடி கிடந்தது. “தேத்தண்ணி ஆறுது” என்றாள். “இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்” என்றேன். அப்போது பார்த்தாள். கொழும்பு இல்லை என்று கண்டுகொண்டாள். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

எங்கள் சட்டத்தில் ஒன்று உண்டு, மனுதாரரை முன்பே தெரிந்தவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஆம்ஸ்டுட்ஸ் போன வருடம் தன் தங்கை வீட்டில் வேலை செய்த பெண்ணுக்காக எழுந்து போனார், ஒரு மணித்தியாலம் வெளியில் நின்று சுருட்டுப் பிடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எங்கள் வேலி அடைக்க வந்தவனின் மகள் என்று சொல்லலாம், அதில் என்ன இருக்கிறது, இவர்களுக்கு அது வெறும் வேலிதான். ஆனால் அவள் வாயைத் திறந்தால்? சின்னக் கேள்வி போதும். லூத்திக்கு எல்லாவற்றையும் கிண்டிப் பார்க்கிற வாத்தியார் புத்தி. ஏன் இவர் உங்கள் வீட்டில் குடிக்கவில்லை என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாலே போதும், இவள் அந்த இலக்கண டொச்சில், பிழையில்லாமல், வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துச் சொல்லிவிடுவாள். ‘எங்கள் ஊரில் இவர்கள் வீட்டில் என் அப்பாவுக்குத் தேநீர் சிரட்டையில் கொடுப்பார்கள், சிரட்டை வேலியில் செருகியிருக்கும், குடித்துவிட்டுக் கழுவித் திரும்பச் செருக வேண்டும்.’ சொல்லட்டும். அது அப்பா காலம். நான் பிறக்குமுன்பே செருகின சிரட்டை, அதற்கு நான் என்ன செய்ய. ஆனால் கிணறு? கிணறு அப்பா காலம் இல்லை. எண்பத்துநாலு, சித்திரை வெயில், எனக்குப் பதினெட்டு வயது, சோதனைக்குப் படிக்கிறேன் என்று யன்னலோரம் இருந்தேன். வல்லியன் வேலியில் நின்றான், அவனோடு வந்த சிறுமிக்கு ஐந்தோ ஆறோ வயது, தண்ணீர் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு யாரும் ஊற்றாததால் தானே போய் வாளியைப் பிடித்து வாய் வைத்துவிட்டது. அப்பா பார்க்கவில்லை. அம்மா பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். பேசாமல் இருந்திருக்கலாம், புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். “அப்பா, வல்லியன்ர பெட்டை வாளியில வாய் வைச்சிட்டாள்” என்று கத்தினேன். ஏன் கத்தினேன்? கோபமா, இல்லை. வெயில், அலுப்பு, ஏதாவது நடந்தால் நல்லது என்றிருந்தது, அவ்வளவுதான். அப்பா வல்லியனைக் கொண்டே கிணற்றை இறைக்க வைத்தார். தொட்ட தீட்டுப் போக அவனே இறைக்கிறான், அவன் தொட்டால் திரும்பத் தீட்டு, ஆகவே அவன் துலாவில் ஏறி மிதிக்க, வாளியை எங்கள் ஆள் பிடிக்க, பின்னேரம் வரை இறைத்தார்கள். பெட்டை வேலியடியில் நின்று அழுதது. நான் யன்னலில் இருந்து படித்தேன். நல்ல பெறுபேறு வந்தது. அதற்கு அடுத்த வருடம் ஆமி வந்தது, நான் இங்கே ஓடிவந்தேன், ஓடிவந்தவன் இந்த நாட்டு அதிகாரியிடம் சொன்னேன், என் இனத்தை ஒடுக்குகிறார்கள், என்னை மனிதனாக மதிக்கிறார்களில்லை என்று. அழுதேன்கூட. உண்மையாகவே அழுதேன்.

“ஒரு கேள்வி, ஃபிராவ் வல்லியன், இதற்குச் சரி பிழை கிடையாது” என்கிறார் ஆம்ஸ்டுட்ஸ், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. இதை அவர் எல்லாரிடமும் கேட்பார். “வெளியில் இருந்து வருகிறவர்கள் இந்த நாட்டை மாற்றிவிடுகிறார்கள் என்று இங்கே பலர் பயப்படுகிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு, இல்லை ஐயா, நாங்கள்தான் மாறிக்கொள்கிறோம். நானும் அதைத்தான் சொன்னேன் அந்தக் காலத்தில். அவள் “மாற்றுவோம்” என்றாள். கெர்பரின் பேனா நின்றது. “எங்கள் படிக்கட்டில் முன்பு மெழுகு வாசம் மட்டும்தான் இருந்தது, இப்போது வெள்ளிக்கிழமைகளில் சாம்பார் வாசமும் இருக்கிறது. கீழ்வீட்டு அம்மா முதலில் யன்னலைச் சாத்தினார், இப்போது எனக்கும் வையுங்கள் என்கிறார். நானும் மாறிவிட்டேன். மகள் பிளாஸ்டிக்கைத் தப்பான பையில் போட்டால் எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்து, அம்மா நீ பிறவியிலேயே சுவிஸ்காரி என்கிறாள்.” லூத்தி வாய்விட்டுச் சிரித்தார், ஆம்ஸ்டுட்ஸ் மீசைக்குள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. துணிச்சல் பார். மாற்றுவோமாம். இருபது வருடமாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருக்கிறேன், கறிவேப்பிலை வாங்கினால்கூட ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவருகிறேன், என் மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்காமல் வளர்த்தேன், அவன் இப்போது டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு ஒருதரம் போன் எடுத்து ‘பாப்பா’ என்கிறான், ‘அப்பா’ என்று வராது, எல்லாம் இவர்கள் நெற்றி சுருங்கக் கூடாது என்பதற்காக. இவள் சாம்பாரை வைத்துவிட்டு மாற்றுவோம் என்கிறாள், இவர்கள் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்து இப்படி இவர்கள் சிரித்ததில்லை. எனக்குக் கைதட்டியிருக்கிறார்கள், அது வேறு. “சாம்பார் மட்டுமல்ல, அந்த வடை!” என்கிறார் லூத்தி. “ஆம்ஸ்டுட்ஸ், நீங்கள் தின்றிருக்க வேண்டும். பாவம் குலேன், தன் நாட்டுத் தேநீரைக்கூடத் தொடவில்லை. அது ஏன் குலேன்? எங்கள் எல்லாரையும்விடச் சுத்தச் சுவிஸ்காரர் ஆகிவிட்டீர்களோ?” வந்தது. சும்மா பேச்சுக்குத்தான் வந்தது, நான் நினைத்தபடியே. இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று டொச்சில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை, முப்பத்தெட்டு வருடம் பேசின மொழி, ஒரு சொல் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். இன்றைக்கு முதல் தடவையாக நேரே பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தேன். “அவருக்குச் சர்க்கரை வருத்தம் என்று சொன்னார்” என்றாள் லூத்தியிடம். “நாங்கள் தேநீரில் முதலே சீனி போட்டுவிடுவோம். என் பிழைதான், கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும்.”

நான் அப்படி அவளிடம் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு வருத்தமும் இல்லை, கல்லுப்போல இருக்கிறேன். “ஓ, கவனமாக இருங்கள் குலேன்” என்று லூத்தி என் முழங்கையைத் தட்டினார். காப்பாற்றிவிட்டாள். வல்லியனின் மகள் என்னைக் காப்பாற்றிவிட்டாள், ஒரு கும்பிடு கிடையாது, ஒரு கெஞ்சல் கிடையாது, பரவாயில்லை பிழைத்துப்போ என்பதுபோல, தெருவில் விழுந்தவனுக்குக் கை கொடுத்துவிட்டுத் தன் வழியில் போகிறவள்போல. நன்றி வர வேண்டும் எனக்கு. ஒரு கணம் வந்ததா? வந்திருக்கலாம். அதற்குள் அது திரிந்துவிட்டது. நீ யார் எனக்கு இரங்க? எதற்காகச் செய்தாள், வாக்குக்காகவா? வாக்குக்காகச் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், கணக்குத் தீர்ந்துவிடும், வாக்கைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஆனால் அந்த முகத்தில் வியாபாரம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இனி இவள் இந்தக் கிராமத்தில் இருப்பாள், கடையில் பால் எடுக்கும்போது இருப்பாள், ஓகஸ்ட் முதலாம் தேதி தேசிய நாள் கொடியேற்றத்தில் எனக்குப் பக்கத்தில் அதே சிவப்புக் கடவுச்சீட்டோடு நிற்பாள், நான் பேச மேடையேறும்போது கீழே இருந்து பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல், சொல்லாமலே. சொல்லிவிடுகிறவனை எதிர்த்து நிற்கலாம், சொல்லாமல் இருக்கிறவளை என்ன செய்வது. “சற்று வெளியே இருங்கள்” என்று ஆம்ஸ்டுட்ஸ் சொன்னார். எழுந்து, கதிரையைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனாள். அதையும் கவனித்தேன். என் மகன் ஒருநாளும் கதிரையைத் தள்ளிவைத்ததில்லை.

“நான் ஆம்” என்றார் லூத்தி, கதவு சாத்துவதற்குள்ளேயே. “இதில் யோசிக்க என்ன இருக்கிறது. அவளுடைய மகள் நம் கிராமத்து வாத்தியக் குழுவில் டிராம்போன் வாசிக்கிறாள். அவளும் அந்த இரண்டு போர்த்துக்கீசியப் பிள்ளைகளும் இல்லாவிட்டால் போன வருடமே குழுவைக் கலைத்திருப்போம். உங்கள் பேரன்மார் எங்கே ஆம்ஸ்டுட்ஸ், கணினிக்கு முன்னால்தானே? பாரம்பரியம் பாரம்பரியம் என்கிறோம், ஊதுவதற்கு ஆள் வேண்டாமா?” ஆம்ஸ்டுட்ஸ் தாடையைச் சொறிந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது, ஆனால் தன் எண்ணம் என்றும் ஒன்று கிடையாது, காற்றடிக்கிற பக்கம் சாய்கிற ஆள். “எனக்கு அந்த ‘மாற்றுவோம்’ கொஞ்சம் இடித்தது” என்றார். “ஆனால் நேர்மையாகச் சொன்னாள். குலேன், உன் ஆட்களை உனக்குத்தான் தெரியும். நீ எப்படியோ நானும் அப்படியே.” ஆக இரண்டு வாக்கு என் நாக்கில். யன்னலுக்கு வெளியே பின்னேர வெயில், தேவாலயத்து மணிக்கூட்டில் நாலேமுக்கால். ஆம் என்று சொல். சொன்னால் என்ன குறைந்துவிடும். அவளுடைய தாய் வவுனியாவில் யாரோ ஒருவரின் வீட்டுப் பின்னறையில் கிடக்கிறாள், மகள் முகம் பார்த்துச் சாகட்டும். ஆம் என்றால் நான் நல்லவன், இரகசியமாக, எனக்கு மட்டும் தெரிந்த நல்லவன். இல்லை, அவளுக்கும் தெரியும். அவளிடம் நான் நல்லவனாக வேண்டும். அவள் கொடுத்த பிச்சைக்கு நான் திருப்பிக் கொடுத்ததாக ஆகும், நாளைக்குப் பால் கடையில் ‘நன்றி அண்ணை’ என்பாள், அண்ணை, என்னை, வல்லியனின் மகள். “இல்லை” என்றது யாரோ. நான்தான். குரல் நன்றாக இருந்தது, நிதானமாக, சமையலறையில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரல். “வழக்கு மொழி வராது. நெருங்கிய நண்பர் என்று எழுதியிருக்கிற மூன்று பேரும் தமிழர். உள்ளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. எனக்குத் தெரியும், நான் அங்கிருந்து வந்தவன்.” லூத்தி என்னை வெறித்துப் பார்த்தார். “பதினைந்து வருடம், குலேன்!” “எனக்கு இருபது ஆனது” என்றேன். ஆம்ஸ்டுட்ஸ் பெருமூச்சு விட்டார். “சரி, இரண்டுக்கு ஒன்று. ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறேன், இவள் மேலே முறையிட்டால் இந்தக் காரணம் ஒரு நாள்கூட நிற்காது. நண்பர் தமிழர் என்றால் மாநிலத்தில் சிரிப்பார்கள். நாலைந்து மாதத்தில் நம் முடிவைத் தள்ளிவிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.” கொடுக்கட்டும் என்றேன். உண்மையாகவே எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது, நான் வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று, அவளுக்குக் கிடைத்தும் விடும், யாருக்கும் நட்டமில்லை. கிழவி நாலு மாதம் தாங்கமாட்டாளா.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். முடிவை முகத்துக்கு நேரே சொல்வது எங்கள் கிராமத்து வழக்கம், கடிதம் பிறகுதான் போகும். ஆம்ஸ்டுட்ஸ் சொன்னார், பிறகு என்னைப் பார்த்து, “தெளிவாக விளங்கும்படி உங்கள் மொழியில் ஒருதரம் சொல்லிவிடு” என்றார். இந்த அறையில் நான் தமிழ் பேசியதே இல்லை. “இந்தமுறை உமக்குச் சரிவரேல்லை” என்றேன். “விளங்கினது” என்றாள். “திருப்பி எப்ப போடலாம்?” “ரெண்டு வருசத்தால.” “அம்மா இருக்கமாட்டா” என்றாள், எனக்கல்ல, தன் கைப்பைக்குச் சொன்னதுபோல. மேலே முறையிடலாம் என்பதை நான் சொல்லவில்லை. கடிதத்தில் இருக்கும்தானே, வாசிக்கத் தெரியாதவளா. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. எழுந்தாள். இந்த நாட்டில் ஒரு அறையை விட்டுப் போகும்போது எல்லாருக்கும் பெயர் சொல்லிக் கைகொடுக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் முதலில் பழக்குவது அது, கைகொடுக்காதவருக்குக் குடியுரிமை இல்லை என்பது எழுதாத சட்டம், எத்தனையோ மனு அதில் விழுந்திருக்கிறது, மேலே போயும் எழும்பாமல் விழுந்திருக்கிறது. “நன்றி, ஃபிராவ் லூத்தி.” லூத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. “நன்றி, ஹெர் ஆம்ஸ்டுட்ஸ். நன்றி, ஹெர் கெர்பர்.” நான் எழுந்து கையை நீட்டினேன். நீட்டினேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள், என் கை முதலில் போனது, இந்தத் தடவை போனது. அவள் மூன்றடி தள்ளியே நின்றாள். கைகளைக் கூப்பினாள். “தொட்டா நீங்கள் முழுகவெல்லோ வேணும்” என்றாள், மெதுவாக, மரியாதையாக, ஒரு சொல்லில்கூடக் குரல் உயரவில்லை. என் கை நின்ற இடத்தில் நின்றது. “என்ன அழகான வணக்கம்” என்றார் லூத்தி. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள், படிக்கட்டில் இறங்குகிற சத்தம் கேட்டது. கெர்பர் பேனாவைத் தட்டிக்கொண்டு கோப்பைப் பார்த்தார். “மன்னிக்க வேண்டும், ஒழுங்குக்காகக் கேட்கிறேன். ஆணையத்தின் ஒரு உறுப்பினருக்குக் கை கொடுக்கவில்லை. குறிக்க வேண்டுமா?” லூத்தி சீறினார், “அது அவர்களுடைய மரியாதை, கெர்பர், பார்த்தாலே தெரியவில்லையா?” ஆம்ஸ்டுட்ஸ் என் பக்கம் திரும்பினார். “இது உங்கள் பண்பாட்டு விஷயம், எங்களுக்கு எப்படித் தெரியும். மரியாதையா, மறுப்பா? நீ சொல் குலேன், நீ சொல்வதை எழுதுவோம்.” மரியாதை என்று ஒரு சொல். கெர்பர் கோப்பை மூடிவிடுவார், நாலு மாதத்தில் அவள் வவுனியாவில் நிற்பாள். நீட்டின கையை மேசைக்கு மேல் இறக்கி வைத்தேன்.

“மறுப்பு” என்றேன். “பெயரையும் சேர்த்து எழுதுங்கள், வல்லியன்.”